இரண்டாவது சம்பளக் கவரும் 1803ஆம் வருஷத்துச் சட்டமும்

2010 செப்டம்பரில் பிரிட்டன் வருமானவரித் துறை ஒரு கணக்கை வெளியே சொன்னது. முந்தைய இரண்டு வரி ஆண்டுகளில் (2008-09, 2009-10) சுமார் 43 லட்சம் பேரிடம் கூடுதலாக வரி பிடித்துவிட்டோம், சுமார் 14 லட்சம் பேரிடம் குறைவாகப் பிடித்துவிட்டோம் என்றது. குறைவாகப் பிடித்த தொகை மொத்தம் ஏறக்குறைய 200 கோடி பவுண்டு. தலைக்குச் சராசரியாக 1,428 பவுண்டு. கடிதம் வரும், கட்டிவிடுங்கள்.

இந்த 14 லட்சம் பேரும் பணத்தைப் பதுக்கி மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. அவர்கள் சம்பள விவரத்தை அவரவர் நிறுவனங்களே வருஷா வருஷம் வரித்துறைக்கு அனுப்பியிருந்தன. சம்பளத்தில் வரியும் மாதா மாதம், வாரா வாரம் பிடித்தாகியிருந்தது. கையில் வந்தது வரி போக மீதி என்று நம்பித்தான் வாடகை கட்டினார்கள், கடன் அடைத்தார்கள். அப்புறம் எப்படிக் குறைந்தது?

காரணங்கள் பல. நடுவில் வேலை மாறியவர்கள் இருந்தார்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே பகுதி நேரம் உழைத்தவர்கள் இருந்தார்கள். பகலில் ஓர் இடம், இரவில் ஓர் இடம் என்று ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: ஓர் ஆளுக்கு வருமானம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து வந்தது. சம்பளத்தில் வரி பிடிக்கும் முறை ஏன் இந்த இடத்தில் மட்டும் தடுமாறுகிறது என்பதற்கு இருநூறு வருஷக் கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏன்னா நம்ம ஊர் டிடிஎஸ்ஸுக்கும் இதே தலைவலி உண்டு.

அடிங்டனின் தந்திரம்

பிரிட்டனில் முதல் வருமானவரி 1799இல் வந்தது. பிரான்சோடு போர், கஜானா காலி. பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் தன் மொத்த வருமானத்தைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். 60 பவுண்டுக்குக் கீழே வரி இல்லை, 200 பவுண்டுக்கு மேலே பத்து சதவீதம். எழுதிக் கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எதிர்பார்த்த வசூல் வரவில்லை. மக்களுக்கும் எரிச்சல்: என் மொத்த வருமானம் எவ்வளவுன்னு அரசாங்கத்துக்கு எதுக்குத் தெரியணும்? 1802இல் சமாதானம் வந்தது, வரியும் போனது.

அடுத்த வருஷமே மறுபடி போர். இந்தமுறை பிரதமர் ஹென்றி அடிங்டன். அவருடைய 1803ஆம் வருஷத்துச் சட்டம் வருமானத்தை ஏ முதல் இ வரை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. நிலம் ஒன்று, விவசாயம் ஒன்று, அரசுப் பத்திர வட்டி ஒன்று, வியாபாரம் ஒன்று, உத்தியோகச் சம்பளம் ஒன்று. கூடவே ஒரு தந்திரம் வைத்தார். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் பணம் கொடுப்பவரே வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் வாடகையில் கழிப்பார், அரசு அலுவலகம் சம்பளத்தில் கழிக்கும். 'மூலத்திலேயே பிடித்தம்' என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்.

விகிதம் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங், அதாவது ஐந்து சதவீதம். பிட் போட்டதில் பாதி. ஆனாலும் வசூல் ஏறக்குறைய பிட்டின் அளவுக்கே வந்தது. மக்களுக்கும் ஒரு நிம்மதி: எந்த ஓர் அதிகாரிக்கும் ஒருவருடைய மொத்த வருமானம் தெரிய வேண்டிய அவசியமில்லை. வாடகை தனி, வட்டி தனி, சம்பளம் தனி. ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீதம் போனால் மொத்தத்திலும் ஐந்து சதவீதம் போன கணக்குதானே.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரே விகிதம் இருக்கும்வரை மூலத்தில் பிடிக்கும் முறை துல்லியமாக வேலை செய்யும். பத்து இடத்தில் சம்பாதித்தாலும் பத்து பேரும் ஐந்து ஐந்தாகப் பிடித்தால் கணக்கு நேர். வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகையை மட்டும் அவர்கள் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வேலைப் பிரச்சினை அடிங்டன் காலத்தில் பிறக்கவே இல்லை.

படிக்கட்டு வந்தபோது

அந்த வரியும் 1816இல் போனது. 1842இல் ராபர்ட் பீல் திரும்பக் கொண்டுவந்தார், பிறகு போகவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அது பெரும்பாலும் ஒரே விகித வரிதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கேள்வி மாறியது. அதிகம் சம்பாதிப்பவர் அதிக விகிதத்தில் கட்டினால் என்ன?

1906இல் சார்லஸ் டில்க் தலைமையில் ஒரு நாடாளுமன்றக் குழு இதை ஆராய்ந்தது. நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை நடைமுறையில் செய்ய முடியுமா என்பது பெரிய விவாதம். வட்டி கொடுக்கும் வங்கிக்கு வாங்குபவரின் மொத்த வருமானம் தெரியாது. தெரியாதபோது எந்தப் படியில் நின்று பிடிப்பது? 1909இல் லாயிட் ஜார்ஜ் 5,000 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 'சூப்பர் டாக்ஸ்' போட்டபோது அதை மூலத்தில் பிடிக்கச் சொல்லவில்லை. பணக்காரர்களிடம் தனியாக மொத்தக் கணக்குக் கேட்டு தனியாக வசூலித்தார்கள். வேறு வழி இல்லை.

படிக்கட்டு விகிதம் என்றால் மொத்தம் தெரிந்தாக வேண்டும். மூலத்தில் பிடித்தம் என்றால் மொத்தம் தெரியாமலே பிடிக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை. பணக்காரர்கள் சில ஆயிரம் பேர் இருந்தவரை கடிதம் போட்டுச் சமாளித்தார்கள். அதே முரண்பாடு ஆலைத் தொழிலாளிவரை இறங்கி வந்தது இரண்டாம் உலகப் போரில்.

1944: வாரச் சம்பளத்தில் ஒரு கணக்கு இயந்திரம்

போருக்கு முன்பு பிரிட்டனில் வருமானவரி கட்டியவர்கள் சுமார் 40 லட்சம் பேர். போர் முடியும் சமயத்தில் 1.2 கோடியைத் தாண்டிவிட்டார்கள். 1941இல் வரிவிலக்கு வரம்புகளைக் குறைத்து, பொது விகிதத்தைப் பவுண்டுக்குப் பத்து ஷில்லிங் ஆக்கினார்கள். சரிபாதி! அதுவரை வருமானவரி என்பது யாரோ பெரிய மனிதர்கள் சமாச்சாரம் என்று இருந்த தொழிலாளிகள் ஒரேயடியாக உள்ளே வந்தார்கள்.

1940 முதலே நிறுவனங்கள் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பிடித்தது பழைய பாக்கி. தொழிலாளியின் அரை வருஷச் சம்பளத்தைப் பார்த்து, அதற்கான வரியை அடுத்து வரும் மாதங்களில் கழிப்பார்கள். ஓவர்டைம் பார்த்துக் கைநிறையச் சம்பாதித்த காலத்துக்கான வரி, ஓவர்டைம் நின்றுபோன காலத்தில், இல்லை உடம்பு முடியாமல் படுத்த காலத்தில் வந்து நிற்கும். போர் முடிந்து சம்பளமெல்லாம் ஒரேயடியாக இறங்கினால் என்ன ஆகும் என்ற பயம் அரசுக்கே இருந்தது.

தீர்வாக வந்ததுதான் பி.ஏ.ஒய்.இ., 'பே ஆஸ் யூ எர்ன்', சம்பாதிக்கும்போதே கட்டு. வரித்துறைத் தலைவர் கொர்னீலியஸ் கிரெக், அதிகாரி பால் சேம்பர்ஸ் ஆகியோர் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். சேம்பர்ஸ் நமக்கும் அந்நியர் இல்லை. 1935-36இல் இந்திய வருமானவரி முறையை ஆராய்ந்த குழுவில் உறுப்பினர், 1937 முதல் 1940 வரை இந்திய அரசின் வருமானவரி ஆலோசகர். லண்டன் திரும்பிய பிறகு இந்த வேலை. நிதியமைச்சர் கிங்ஸ்லி உட் 1943 செப்டம்பர் 21 அன்று திட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவிப்பதாக இருந்தது. அன்று காலையே அவர் இறந்துபோனார். திட்டம் நிற்கவில்லை. 1944 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவும் 1943 ஜூலையில் சம்பளப் பிடித்தத்தைத் தொடங்கியது. அங்கே பிடித்தம் தோராயமானது, வருஷ முடிவில் ஒவ்வொருவரும் கணக்குத் தாக்கல் செய்து நேர் செய்துகொள்ள வேண்டும். பிரிட்டன் வேறு மாதிரி யோசித்தது. தொழிலாளி எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம், வருஷ முடிவில் பிடித்தமே சரியான வரியாக இருக்க வேண்டும். கோடிக்கணக்கான பேரிடம் கணக்கு வாங்கிச் சரிபார்க்கப் போர்க்காலத்தில் ஆள் ஏது?

எப்படிச் செய்தார்கள்? ஒவ்வொருவருக்கும் ஒரு 'கோடு' எண். அவருக்கு வருஷத்தில் எவ்வளவு வரியில்லாத தொகை உண்டு என்று அது சொல்லும். அதை 52 வாரத்துக்குப் பிரித்துவிடுவார்கள். பத்தாவது வாரச் சம்பளம் போடும்போது கணக்கர் அந்த ஒரு வாரத்தை மட்டும் பார்க்க மாட்டார். ஏப்ரலிலிருந்து இதுவரை வாங்கிய மொத்தச் சம்பளம், பத்து வாரத்துக்கான வரியில்லாத் தொகை, இதுவரை பிடித்த வரி, இந்த மூன்றையும் வைத்து வித்தியாசத்தை மட்டும் பிடிப்பார். ஒரு வாரம் வேலை இல்லையென்றால், முன்பு பிடித்ததில் கொஞ்சம் அந்த வாரமே திரும்பக் கைக்கு வரும். கணினி இல்லாத காலத்தில் அச்சடித்த அட்டவணைப் புத்தகத்தை வைத்தே இதைச் செய்தார்கள். உண்மையிலேயே அழகான ஏற்பாடு.

வேலை மாறினால்? அதற்கு பி45 என்று ஒரு தாள். பழைய நிறுவனம் அதில் கோடு, இதுவரை சம்பளம், இதுவரை வரி மூன்றையும் எழுதிக் கொடுக்கும். புதிய நிறுவனம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரிலே ஓட்டத்தில் கட்டையைக் கைமாற்றுவது மாதிரி. பிரிட்டனில் வேலையிலிருந்து நீக்கப்படுவதையே 'பி45 வாங்கிட்டான்' என்று பேச்சுவழக்கில் சொல்லும் அளவுக்கு அந்தத் தாள் வாழ்க்கையோடு கலந்துவிட்டது.

கட்டை இல்லாத ஓட்டக்காரர்

ஆனால் பழைய வேலையை விடாமலே இன்னொரு வேலைக்குப் போகிறவருக்கு பி45 கிடையாது. முதல் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது யார் எழுதிக் கொடுப்பார்கள்? இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கணக்குப் போட ஆரம்பிக்கும். ஒன்றுக்கு மற்றது தெரியாது.

இதற்கு வரித்துறை வைத்திருந்த மருந்து: வரியில்லாத் தொகை முழுவதும் முதல் வேலைக்கு, இரண்டாவது வேலைக்கு 'பி.ஆர்.' என்ற கோடு. முதல் பவுண்டிலிருந்தே அடிப்படை விகிதத்தில் பிடி என்று அதற்கு அர்த்தம். மருந்து சரிதான். ஆனால் அது போய்ச் சேர இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் வேலை பற்றித் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள பி46 என்று ஒரு படிவம் இருந்தது. புதிதாகச் சேருபவர் மூன்று வாக்கியங்களில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்: இந்த வரி ஆண்டில் இதுதான் என் முதல் வேலை, இப்போது எனக்கு இது ஒன்றுதான் வேலை, எனக்கு வேறு வேலையோ ஓய்வூதியமோ உண்டு. முதல் நாள், வேலைக்குச் சேர்ந்த அவசரம், கையில் நாலைந்து தாள்கள். தப்பான கட்டத்தில் ஒரு டிக் விழுந்தால் வரியில்லாத் தொகை இரண்டு தடவை கிடைத்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். 2009-10இல் வரியில்லாத் தொகை 6,475 பவுண்டு. அதற்கு மேல் 37,400 பவுண்டுவரை 20 சதவீதம், அதற்கும் மேல் 40 சதவீதம்.

ஒருவர் பகலில் ஓர் அலுவலகத்தில் வருஷம் 14,000 பவுண்டு, மாலையில் ஒரு கடையில் 9,000 பவுண்டு சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 23,000. கட்ட வேண்டியது 16,525க்கு 20 சதவீதம், 3,305 பவுண்டு. இரண்டு இடத்திலும் வரியில்லாத் தொகை கொடுத்துவிட்டால் அலுவலகம் 1,505 பிடிக்கும், கடை 505 பிடிக்கும். சேர்த்து 2,010. பாக்கி 1,295 பவுண்டு. வருஷத்துக்கு 23,000 பவுண்டில் குடும்பம் நடத்துபவருக்கு இது ஒன்றும் சில்லறை இல்லை.

பி.ஆர். கோடு சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் எல்லோருக்கும் கணக்கு நேராகாது. இரண்டு இடத்தில் 25,000 பவுண்டு வீதம் வாங்குபவரைப் பாருங்கள். முதல் இடம் 3,705 பிடிக்கும், பி.ஆர். போட்ட இரண்டாம் இடம் 5,000 பிடிக்கும், ஆக 8,705. ஆனால் மொத்தம் 50,000 என்று பார்த்தால் வரி 9,930. இங்கே 1,225 பவுண்டு பாக்கி. இந்த ஆள் எந்தக் கட்டத்திலும் தப்பாக டிக் செய்யவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் அவரைக் கீழ்ப்படியில் நிற்பவராகவே பார்த்தது. இரண்டையும் கூட்டினால்தான் அவர் மேல்படிக்கு ஏறியது தெரியும்.

கோப்பு எந்த ஆபீஸில்?

சரி, நிறுவனங்களுக்குத்தான் தெரியாது, வரித்துறைக்குமா தெரியாது? வருஷ முடிவில் எல்லா நிறுவனமும் விவரம் அனுப்பியதே?

இங்கேதான் 1944இன் இன்னொரு முடிவு குறுக்கே வருகிறது. வரித்துறை தன் கோப்புகளை ஆள்வாரியாக வைக்கவில்லை, நிறுவனவாரியாக வைத்தது. உங்கள் கோப்பு உங்கள் முதலாளியின் கணக்கைப் பார்க்கும் வரி அலுவலகத்தில் இருக்கும். நீங்கள் குடியிருக்கும் ஊரில் இருக்காது. ஒரே ஊரில் இரண்டு வேலை பார்த்தாலும் கோப்பு இரண்டு அலுவலகத்தில் இருக்கலாம். காகிதக் காலத்தில் ஓர் அலுவலகம் இன்னொன்றுக்குக் குறிப்பு அனுப்ப, அங்கே ஒரு குமாஸ்தா எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும்.

எண்பதுகளில் கணினி வந்தது. ஆனாலும் பழைய அமைப்பை அப்படியே கணினியில் ஏற்றினார்கள். நாடு முழுக்க 12 தனித்தனித் தரவுத்தளங்கள். ஒரே ஆளின் இரண்டு சம்பளம் இரண்டு தளத்தில் கிடந்தால் தானாகச் சேராது. பொருந்தாத கணக்குகளை ஊழியர்கள் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். 1944இல் ஓர் ஆள் ஓர் ஆலையில் வருஷக்கணக்காக இருப்பார் என்று நினைக்க இடமிருந்தது. இரண்டாயிரங்களில் பகுதி நேர வேலை, ஏஜென்சி வேலை, ஒப்பந்த வேலை, ஓய்வூதியத்தோடு வேலை எல்லாம் சாதாரணமாகிவிட்டன. பாக்கிக் கணக்குகள் குவிந்தன. முடிக்காமல் கிடந்த பழைய கணக்குகள் சுமார் 1.5 கோடிப் பேரைத் தொட்டன.

2009இன் நடுவில் புதிய கணினி அமைப்பு வந்தது. பன்னிரண்டு தளங்களும் ஒன்றாயின. முதல்முறையாக ஓர் ஆளின் எல்லா வேலையும் ஓய்வூதியமும் ஒரே பக்கத்தில் தெரிந்தன. 2010இல் அந்த இரண்டு வருஷக் கணக்குகளையும் கணினியே பொருத்திப் பார்த்தபோது வந்ததுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த 14 லட்சம், 43 லட்சம். புதிய கணினி இந்தப் பாக்கிகளைப் புதிதாக உருவாக்கவில்லை. இத்தனை வருஷமாக இருட்டில் கிடந்ததன் மேல் விளக்கைப் போட்டது, அவ்வளவுதான்.

யார் தலையில்?

கடிதம் வரப்போகிறது என்றதும் நாடே கொதித்தது. வரித்துறையின் உயர் அதிகாரி டேவ் ஹார்ட்நெட் பி.பி.சி. வானொலியில் பேசும்போது மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை என்ற தொனியில் சொல்லப்போக, எதிர்ப்பு இன்னும் ஏறியது. சீக்கிரமே மன்னிப்புக் கேட்டார். ஒருவகையில் அவர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. தோராயமாகப் பிடித்து வருஷ முடிவில் நேர் செய்வது எந்த வரி முறையிலும் நடப்பதுதான். ஆனால் பிரிட்டன் மக்களுக்கு அப்படிச் சொல்லி வளர்க்கவில்லையே. அறுபத்தாறு வருஷமாக அவர்களுக்குச் சொன்னது: நீ ஒன்றும் செய்ய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்திலும் ஒரு சின்ன இடம் இருந்தது. அதிகாரிகளின் தவறால் சேரும் வரி பாக்கியைத் தள்ளிவிடலாம் என்று 1971இல் அரசு ஒப்புக்கொண்டது. பிற்பாடு அது 'ஏ19' என்ற சலுகையாக நிலைத்தது. இரண்டு நிபந்தனை. தேவையான தகவல் கையில் இருந்தும் துறை உரிய காலத்துக்குள் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்க வேண்டும். தன் வரி விவகாரம் ஒழுங்காக இருக்கிறது என்று அந்த ஆள் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். 2010இல் பத்திரிகைகளும் வரி ஆலோசகர்களும் மக்களுக்குச் சொன்னது இதைத்தான்: கட்டுவதற்கு முன் ஏ19 கேட்டுப் பாருங்கள்.

ஆனால் 'நியாயமாக நம்பினேன்' என்பதை எப்படி நிரூபிப்பது? இரண்டு சம்பளச் சீட்டிலும் ஒரே கோடு எண் அச்சாகியிருந்தது, நீ பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டால்? கோடு எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவர் எத்தனை பேர்? படிவமே நிரப்ப வேண்டாம் என்று வைத்த முறை, பிழை வந்ததும் எல்லோரையும் கணக்கர் ஆக்கிவிட்டது.

கடைசியில் 300 பவுண்டுக்குக் கீழான பாக்கிகளைத் தள்ளினார்கள். அதற்கு முன் அந்த எல்லை 50 பவுண்டுதான். 2,000 பவுண்டுக்குள் இருந்தால் 2011 ஏப்ரல் முதல் கோடு எண்ணை மாற்றி ஒரு வருஷத்தில் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். கஷ்டப்படுபவர்களுக்கு மூன்று வருஷம்வரை அவகாசம். கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது.

2013 ஏப்ரலில் இன்னொரு மாற்றம். வருஷத்துக்கு ஒரு தடவை விவரம் அனுப்பிய நிறுவனங்கள், சம்பளம் போடும் ஒவ்வொரு தடவையும் அனுப்ப வேண்டும் என்றானது. பி46 போனது. இரண்டாவது சம்பளம் விழுந்த கையோடு வரித்துறைக்குத் தெரியும், கோடு எண்ணைச் சீக்கிரம் திருத்தலாம். முரண்பாடு ஒழிந்ததா என்றால் இல்லை. பிடிப்பவர் இன்றும் ஒரு சம்பளத்தைத்தான் பார்க்கிறார், வரியோ மொத்தத்தின் மேல்தான் விழுகிறது. நடுவில் இருந்த இடைவெளியை வருஷங்களிலிருந்து வாரங்களுக்குச் சுருக்கியிருக்கிறார்கள்.

நம்ம பக்கம்

இந்தியாவில் 1922ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே சம்பளத்தில் பிடித்தம் உண்டு. 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின் 192ஆம் பிரிவும் பி.ஏ.ஒய்.இ.யின் தூரத்துச் சொந்தம் மாதிரிதான் இருந்தது. நிறுவனம் உங்கள் வருஷச் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கான சராசரி விகிதத்தில் மாதா மாதம் பிடிக்கும். ஒரு மாதம் கூடக்குறைய ஆனால் அதே வருஷத்துக்குள் நேர் செய்துகொள்ளலாம். இரண்டு வேலை பற்றியும் அந்தப் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பேசியது. ஒரே சமயத்திலோ அடுத்தடுத்தோ ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சம்பளம் வாங்குபவர், மற்ற சம்பளத்தின் விவரத்தை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால் அது மொத்தத்துக்கும் சேர்த்துப் பிடிக்கும். அதற்கென்று ஒரு படிவமும் உண்டு. நம்ம ஊர் பி45 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், இதை நிரப்பிக் கொடுக்க வேண்டியது ஊழியர்தான். கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு நிறுவனங்களில் தலா 7 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்குகிறார். ஒவ்வொரு நிறுவனமும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு கொடுத்து 6.25 லட்சம் என்று பார்க்கும். 12 லட்சம்வரை தள்ளுபடி இருப்பதால் இரண்டு இடத்திலும் பிடித்தம் பூஜ்யம். மொத்தம் 14 லட்சம் என்று பார்த்தால் நிலைக்கழிவு ஒரு தடவைதான், 13.25 லட்சத்துக்கு வரி. 78,750 ரூபாய், செஸ் சேர்த்து 81,900. ஒரு ரூபாய்கூடப் பிடிக்காத இடத்திலிருந்து 81,900 ரூபாய் பாக்கி கிளம்புகிறது. பத்தாயிரத்தைத் தாண்டிய பாக்கிக்கு முன்வரி கட்டாமல் விட்டதற்காக வட்டி வேறு, மாதம் ஒரு சதவீதம். நடுவருஷத்தில் வேலை மாறி, பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லாமல் விட்டவருக்கும் ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது இதே அதிர்ச்சிதான்.

நமக்கு பான் எண் இருக்கிறது, இரண்டு சம்பளமும் வரித்துறைப் பதிவில் ஒன்றாகத் தெரியும். பிரிட்டன் 2009இல் எட்டிய இடம் அது. ஆனால் தெரிவது வரித்துறைக்கும் நமக்கும்தான், பிடிக்கும் நிறுவனத்துக்கு இல்லை. அதனால் இரண்டாவது வேலையில் சேர்ந்தால் அந்தப் படிவத்தைக் கொடுங்கள். முதல் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் கால்காலாண்டுக்கு ஒரு தடவை நீங்களே கூட்டிப் பார்த்து முன்வரி கட்டிவிடுங்கள். கைக்கு வரும் இரண்டாவது சம்பளம் முழுக்க நம்முடையது மாதிரித்தான் தெரியும். அதில் ஒரு பங்கு இன்னும் கணக்குத் தீராத பணம்.

அடிங்டன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு, யாருக்கும் உங்கள் மொத்த வருமானம் தெரிய வேண்டாம் என்பது. படிக்கட்டு விகிதம் வந்த அன்றே அந்த வாக்குக்கு அர்த்தம் போய்விட்டது. அதற்குப் பிறகு யாராவது ஒருவர் கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பிரிட்டனில் அந்த வேலையை அரசு ஏற்றுக்கொண்டது, பல வருஷம் செய்யாமல் விட்டது, பாக்கியை மட்டும் 14 லட்சம் பேருக்குத் தபாலில் அனுப்பியது. இங்கே அந்த வேலை முதல் நாளிலிருந்தே சம்பளக்காரர் தலையில்தான் இருக்கிறது. அதை வேலைக்குச் சேரும் அன்றே யாராவது சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.